என் சொற்களை அப்படியே சொன்னவள்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. கொட்டாம்பட்டியில் பம்புசெட் கடை வைத்திருந்த ஒரு டீலர். வாரம் தவறாமல் என்னிடம் தொலைபேசியில் ஆர்டர் சொல்பவர். ஒருநாள் நான் "வணக்கம், கப்பலூர்" என்றதும், "யாருங்க பேசறது? சோமுவக் கூப்புடுங்க" என்றார். "சோமுதான் பேசறேன்" என்றேன். "வெளயாடாதீங்க, எனக்கு அவசரம்" என்று அதட்டினார்.

தொண்டை கொஞ்ச நாட்களாகவே கரகரத்துக்கொண்டிருந்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்துவந்தேன். காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது குரல் கம்மி, வாரக்கணக்கில் தெளியவில்லை என்றால், தயவுசெய்து கஷாயத்தோடு நிற்காதீர்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில், கிணற்று மோட்டாருக்கான வால்வும் உதிரிபாகங்களும் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. ஆர்டர் எடுப்பதும் சரக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் நான் குரலை வைத்துப் பிழைத்தவன்.

டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு பயாப்ஸி (சந்தேகப்படும் இடத்தில் துளித் தசையை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். இடதுபக்கக் குரல்நாணில் புற்று என்று முடிவு வந்தது.

அன்று என்னோடு ஞானராஜ் வந்திருந்தார். டவுனில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர். அவரும் நானும் அப்போது ஏழெட்டு வருடமாக ஒரே வீட்டில் வாழ்ந்துவந்தோம். நண்பர்களாக அல்ல. மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் எப்படியோ அப்படி.

எனக்கு அப்போது மனதைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "சார், வாழ்ற மொறையில ஏதாச்சும் தப்பிருந்தா இது வருமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

நான் குறைத்துச் சொன்னேன். ஞானராஜ் குறுக்கிட்டு, "அது காலையில மட்டும் சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டர் ஞானராஜ் சொன்னதையே குறித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. ஆனால் என் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது என்று பிறகு புரிந்தது.

தொழிற்சாலையில் எங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நானாகத்தான் சொன்னேன். எங்கள் ஃபோர்மேன் மாரிச்சாமி அண்ணன் தன் மைத்துனியை எனக்குக் கட்டிவைக்க ஆசைப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் பேச்செடுத்தார். சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. "அண்ணே, எனக்குப் பொம்பளை மேல நாட்டமில்ல. ஞானராஜோட குடும்பமாத்தான் இருக்கேன்" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். மாரிச்சாமி அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே, "சரி மாப்ள, ஒன் விருப்பம்" என்றார். அதன் பிறகு யார் என்னைக் கேலி செய்தாலும் அவரே முந்திக்கொண்டு ஒரு நகைச்சுவை சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். முதலாளி காதுக்கும் போயிருக்கும். ஆர்டர் குறையாதவரை அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டுமென்றபோது முதல் ஆளாக வந்து கை நீட்டியவர் மாரிச்சாமி அண்ணன்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் பிடித்த குரல்நாணை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது கழுத்தில் டிரக்கியாஸ்டமி (கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழல் பொருத்துவது) இருந்தது. மூச்சு மூக்கு வழியே போகவில்லை. பேச வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. காற்று கழுத்தோடு வெளியேறிவிட்டது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ மூச்சுவிடுவது போலிருந்தது.

பிறகு குழலை எடுத்துத் துளை ஆறியது. தொடர்ந்து கோபால்ட் சிகிச்சை (நோயிருந்த இடத்தின் மீது கதிர்வீச்சைச் செலுத்துவது). கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் வற்றி, தண்ணீர் விழுங்குவதுகூட முள்ளை விழுங்குவது மாதிரி ஆனது. மிஞ்சிய குரல் ஒரு மூச்சுக் குரல். பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். மூன்று சொல் சொல்வதற்குள் காற்று தீர்ந்துவிடும். கத்திப் பேசக் கூடாது, முயன்றால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

இந்தக் குரலோடுதான் வேலைக்குத் திரும்பினேன்.

தொலைபேசி அறையில் வசந்தா என்று ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தல்லாகுளத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், அப்பா தபாலாபீஸ் குமாஸ்தா, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். டிரங்க் காலில் (எக்ஸ்சேஞ்ச் மூலம் பதிவு செய்து பேசும் வெளியூர் அழைப்பு) லைன் மோசமாக இருந்தால், காது கூர்மையான ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். குறைக்கவோ மெருகேற்றவோ கூடாது. ஒரு சொல் மாறினால் லாரியே தப்பான ஊருக்குப் போய்விடும். இதை அவளுக்கு நான்தான் பழக்கியிருந்தேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து நான் கிசுகிசுப்பதை அவள் ரிசீவரில் சொன்னாள். "வணக்கம், நான் சோமு பேசறேன்" என்று ஒரு பெண் குரல் கேட்டதும் டீலர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், "மேலூர் சரக்கு நாளைக்கு ஏத்தறேன்" என்று தொடர்ந்தாள். நான் ஒரு டீலரைத் திட்டினால் அந்தத் திட்டும் அப்படியே போய்ச் சேரும்.

வேலை நடந்தது. ஆனால் காற்று மாறியிருந்தது. நான் தண்ணீர் குடித்த டம்ளரை யாரும் எடுப்பதில்லை. "அந்தப் பழக்கத்துக்கு வந்த சீக்கு" என்று பட்டறையில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அதை உரக்கச் சொல்ல எனக்குத்தான் குரல் இல்லை.

ஒரு சம்பள நாளன்று எல்லோரும் பட்டறையில் கூடியிருந்தபோது முதலாளி வந்தார். இயந்திரங்கள் நின்றிருந்தன. என்னை முன்னால் வரச்சொன்னார்.

"சோமு நல்ல வேலைக்காரன். நான் இல்லங்கல. ஆனா டீலருங்க ஒரு மாதிரி பேசுறாங்க. தப்பான வழியில போயித்தான் இந்தச் சீக்குன்னு ஊரே சொல்லுது. இப்படியே ஒன்ன முன்னால உக்கார வச்சா கம்பெனி பேரு என்னத்துக்காகும்? நீயே சொல்லு, எல்லாருக்கும் முன்னால சொல்லு. என்ன செய்யப்போற?"

வேலை போகப்போகிறது என்று புரிந்தது. மருந்துக்கும் வாடகைக்கும் ஞானராஜின் சம்பளம் போதாது. இந்தக் குரலோடு வேறு யார் எனக்கு வேலை தருவார்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் முதலாளி படித்துவிட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்வார். எனக்கு அது எல்லோர் காதிலும் விழவேண்டும்.

பக்கத்தில் மாரிச்சாமி அண்ணன் நின்றார். அவர் காதில் சொன்னேன். இந்த நோய் வேறு, நான் வாழும் வாழ்க்கை வேறு. நான் முன்பு எப்படியோ அப்படியேதான் இருப்பேன். என் வேலையில் குறையிருந்தால் சொல்லுங்கள்.

அவர் கேட்டார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, பய திருந்திட்டான். உசுரு போயி வந்த பெறகு புத்தி வந்துருச்சுங்கறான். தை பெறக்கட்டும், நீங்க பாத்து ஒரு பொண்ணக் கட்டிவச்சா தாலி கட்டிக்கிறேங்கறான்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அதச் சொல்லு மொதல்ல" என்றார். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மனம் மாறி அழுகிறான் என்று நினைத்து ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கத்தப்பார்த்தேன். காற்றுதான் வந்தது, கூடவே இருமல். ஒரு கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு, என்னைப் பற்றி எல்லோரும் சந்தோஷப்படும் ஒரு பொய்யை மறுக்க முடியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புற்று என்று டாக்டர் சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

வசந்தா தொலைபேசி அறை வாசலிலிருந்து நடந்து வந்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். என் வாயருகே காதைக் கொண்டுவந்து, "சொல்லுங்கண்ணே" என்றாள்.

நான் தயங்கினேன். அவள் கல்யாணத்துக்கு நிற்கும் பெண். "வேணாம்மா" என்றேன்.

"ஒங்களுக்குச் சொல்லணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

சொல்லவேண்டும் என்றேன். மூன்று மூன்று சொல்லாகச் சொன்னேன். நான் மூச்செடுக்கும்வரை அவள் காத்திருந்தாள். இடையில் ஒரு சொல்லைக்கூட அவளாக எடுத்துக்கொடுக்கவில்லை.

"மாரிச்சாமி அண்ணே சொன்னது நான் சொன்னதில்ல" என்றாள் வசந்தா, டிரங்க் காலில் பேசும் அதே உரத்த குரலில். "நான் யாரையும் கட்டிக்கப் போறதில்ல. நான் ஞானராஜோட குடும்பமா இருக்கேன். இனியும் அப்படித்தான் இருப்பேன். இந்தச் சீக்கு சிகரெட்டால வந்துச்சு. யாருக்கும் ஒட்டாது. என் வேலையில கொறை இருந்தா அனுப்பிருங்க. இல்லன்னா நாளைக்கும் வருவேன்."

'குடும்பமா' என்ற இடத்தில் அவள் காது சிவந்தது. குரல் தடுமாறவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முதலாளி திரும்பித் தன் அறைக்குப் போனார். போகச்சொல்லவும் இல்லை, இருக்கச்சொல்லவும் இல்லை.

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். தெருமுனையில் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன். பல நாள் கழித்து ஒரு காலையில் அவர் வாசலில் நின்று, "கொட்டாம்பட்டி சரக்கு போச்சா?" என்று கேட்டார். போயிற்று என்று தலையசைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

மாரிச்சாமி அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் நானே போய் அவர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். "ஒன்னயக் காப்பாத்தத்தானடா சொன்னேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. என் உயிரையும் என் வேலையையும் காப்பாற்ற அவர் எதையும் கொடுப்பார். என்னை நானாக விட்டுவைப்பது மட்டும் அவரால் முடியவில்லை. அவர் மேல் எனக்கு அன்பும் ஆத்திரமும் இன்றைக்கும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

வசந்தா அன்று எனக்காகச் சொன்னதற்கு விலை கொடுத்தாள். டீக்கடையில் அதைப் பற்றிப் பேசிய பேச்சு தல்லாகுளம்வரை போனது. வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் நின்றது. அவள் அப்பா அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கடைசி நாளில், "என்னாலதானே" என்றேன். "ஒங்க பேச்ச மாத்திச் சொல்லியிருந்தா நாளைக்கு ஆர்டரையும் மாத்திச் சொல்லுவேன், விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினாள். பின்னாளில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நலமாக இருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

என்னைப் போன்றவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் நிறையப் பேர் எங்களுக்காகப் பேசக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் காதைக் கொடுங்கள். பிறகு, கேட்டதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் செய்தது இவ்வளவுதான். அதுதான் கடினம்.

அவள் போன பிறகு தொலைபேசியில் நானே பேசப் பழகினேன். "லைன்ல காத்தடிக்குது" என்பார்கள். "காத்து இல்ல, நான்தான்" என்பேன். என் உடம்பில் நேரம் இப்போது மூச்சுக் கணக்கில் ஓடுகிறது. பேசத் தொடங்கும் முன் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். முன்பு மணிக்கணக்கில் அரட்டையடித்தவன்தான் நான். இப்போது சுற்றி வளைத்துப் பேச மூச்சு போதாது.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். ஆஸ்பத்திரி நடையில் எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் இதே நோய், கோபால்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. என் கழுத்துத் தழும்பைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் ஞானராஜைக் காட்டி, "கூட வந்திருக்கது ஒங்க தம்பிங்களா?" என்று கேட்டார்.

மூச்சை இழுத்துக்கொண்டேன். "இவரோடதான் வாழறேன்" என்றேன்.

அந்த அம்மாள் என்னையும் ஞானராஜையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவர் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், ஞானராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவரு கஞ்சி கூட எறங்கலங்கறாரு. நீங்க இவருக்கு எப்படிக் காச்சிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

ஞானராஜ் சொல்லத் தொடங்கினார்.