சுடுதண்ணி, சோறு, அப்புறம் பேச்சு

பாக்கியம் அக்கா இறந்த செய்தியை என் மகள் நித்யாவுக்குச் சொன்னவள் நான்தான். அதற்கு முன் இரண்டு வருடங்களாக நித்யாவைப் பற்றிய எதுவும் எனக்கு முதலில் தெரிந்ததில்லை. எல்லாம் ஸ்கெலட்டன் சுரங்க லைனில் துணி தைத்துவந்த அக்கா வீட்டுக்குப் போய், மீந்தால் என்னிடம் வரும். அன்று காலை செய்தி கொண்டுவந்த பக்கத்து வீட்டு டெய்சிகூட, "நித்யா இல்லீங்களா? அவகிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றாள். சாவுச் செய்தி கேட்ட நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. அக்காவை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

நானும் நித்யாவின் அப்பாவும் பிரிந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவர் கோலாருக்குப் போய்விட்டார். பள்ளிச் சீருடையைப் பிரித்துத் தைக்க அக்காவிடம் போன பெண், தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் நான் எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பவள், அங்கே சிரிப்பது தெருவரை கேட்கும். உள்ளே போகாமல் நின்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நான் டிகிரி முடித்தவள், அக்கா நாலாவதுதான் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு.

தங்க மைனை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிய சமயம் அது. ஒரு நாள் நித்யா பள்ளிக்குப் போகாமல் பஸ் ஏறி அவள் அப்பாவைப் பார்க்கக் கோலாருக்குப் போயிருக்கிறாள். பக்கத்து பாலகாட் லைன் வரை தேடி அலைந்து, கடைசியில் அக்கா வீட்டில் நுழைந்தேன். நித்யா முகம் கழுவி, தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போன? உங்கப்பாகிட்டயா? எதுக்குப் போன? அவரு இன்னா சொன்னாரு?"

நித்யா தட்டைத் தள்ளினாள். அக்கா அதை மறுபடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள துன்னட்டும்மா. நீயும் உக்காரு, உன் மூஞ்சியும் பசியாத்தான் கீது."

அக்காவின் கணவர் முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை செய்தவர். அதை வைத்துத்தான் அக்கா அன்று சொன்னார்: "ஷிப்ட் முடிஞ்சி மேல வர்ற மனுசன வாசல்ல நிக்க வெச்சி ஒண்ணும் கேக்கக் கூடாது. கீழ இன்னா பாத்துட்டு வந்தானோ. சுடுதண்ணி, சோறு, அப்புறம் அவனே பேசுவான். நீ படிச்ச பொண்ணு, கேள்வி கேட்டே பழகிட்ட."

மறுநாள் தனியாகப் போய் அக்காவிடம் கெஞ்சினேன். "உங்ககிட்ட சொல்லியிருப்பா. நான் பெத்தவக்கா."

"சொன்னா. நான் உன்கிட்ட சொல்லிட்டா அவ இங்கயும் வரமாட்டா. அப்புறம் எங்க போவா, சொல்லு?"

சில மாதம் அக்காவுடன் பேசவில்லை. என் ரவிக்கைகளை வேறு இடத்தில் தைக்கக் கொடுத்தேன். அவை ஒன்றும் சரியாக அமையவில்லை.

அடக்கத்தன்று நித்யா அழுததைப் பார்த்தீர்கள். எனக்காக இப்படி அழுவாளா என்று அங்கே நின்றுகொண்டு நினைத்தேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் வீட்டுக்கு வந்து தண்ணீர் காய வைத்தேன். வந்தாள். சாப்பிட்டாயா, யார் கூட வந்தாய், ஏன் இவ்வளவு நேரம் — எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தேன். வாளியைக் காட்டினேன். குளித்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தபடி அவளே சொன்னாள்.

"அன்னிக்கி அப்பா கதவத் தொறக்கவே இல்லம்மா. உள்ளதான் இருந்தாரு."

இதைத்தான் அன்றைக்கு அக்காவிடம் சொன்னாயா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேள்வியை விட்டுவிட்டு ஒரு கரண்டி ரசம் ஊற்றும் அந்த நேரம்தான். பொறாமை என்னுடையது, அது இன்னும் போகவில்லை.