வெயிலுமுத்து பேசப் போன சமாதானம்

குரூப் கேப்டன் வெயிலுமுத்து இருபத்தாறு வருட விமானப்படைச் சேவையில் எத்தனை பேரைக் கொன்றார் என்பது அவருக்கே தெரியாது. தொண்ணூற்றொன்பதில் பனிமலைக்கு மேலே பறந்து குண்டு போட்டார். கீழே ஒரு புகை எழும்பியது. திரும்பி வந்து ஆம்லெட் சாப்பிட்டார். அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய அண்ணன் நந்தகோபால் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் ஆட்டுக்கிடை வைத்திருப்பவர். வாழ்நாளில் ஒரே ஒரு மனிதனின் ஒரே ஒரு கையைத்தான் வெட்டினார். அதற்கு நாற்பது நாள் ஜெயில் கிடைத்தது. இரண்டில் எது பெரிய காரியம் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. குண்டு விழுந்ததை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

கை போனது இப்படி. இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில் மாயகிருஷ்ணனின் மிளகாய்ப் புஞ்சைக்குள் நந்தகோபாலின் ஆடுகள் இறங்கிவிட்டன. பிடித்துக் கட்டிப்போடுவதுதான் வழக்கம். மாயகிருஷ்ணன் பதினொரு ஆடுகளின் பின்னங்கால் நரம்பை அறுத்து, உயிரோடு விட்டார். அவை முன்னங்காலால் இழுத்து இழுத்துக் கிடைக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் காலை பஸ்சுக்காக நின்றவன் மாயகிருஷ்ணனின் தம்பி கடற்கரை. ஆடுகளைத் தொட்டவன்கூட அவனில்லை. ஆனால் நந்தகோபாலின் கண்ணில் முதலில் பட்டவன் அவன். வலது மணிக்கட்டு ஒரே வெட்டில் கழன்றது. கீழே விழுந்த பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் தூக்குச்சட்டியை விடவில்லை.

நந்தகோபால் ஜாமீனில் வந்தார். வெட்டுப்பட்ட வீட்டில் கைக்குத் தலை என்று முடிவாகிவிட்டதாகப் பேச்சு. அவர் மனைவி வெள்ளைத்தாய் வடக்கே விமானத் தளத்துக்குப் போன் போட்டாள்.

"கொழுந்தனாரே, ஒங்க அண்ணன் தலை பங்குனியத் தாண்டாதுன்னு பேசுதாவ. நீங்க வானத்துலயே இருங்க."

அடுத்த மாதம் ஏர் கமடோர் பதவி உயர்வுக்கு ஆள் எடுக்கிறார்கள். வம்பில் தலைகாட்டக்கூடாத நேரம். வெயிலுமுத்து பத்து நாள் லீவில் வந்து இறங்கினார். அண்ணனின் தலையைக் காப்பாற்ற ஒரே வழி சமாதானம்தான்.

அதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. வெட்டிய வீட்டார் வெட்டுப்பட்டவன் வீட்டுக்குப் போக வேண்டும். காலில் செருப்பு கூடாது, தலையில் ஒன்றும் கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். ஒரு கிடாயைக் கொண்டுபோய் அவர்கள் முளையில் கட்ட வேண்டும். வெட்டுப்பட்டவன் தன் கையால் தண்ணீர் கொடுப்பான். வாங்கிக் குடித்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் அருவாள் எடுப்பவனை ஊர் வைத்துக்கொள்ளாது.

விமானப்படையிலும் ஒரு முறை உண்டு. உயிர் போன வீட்டுக்கு முழுச் சீருடையில், பதக்கங்களோடு போவார்கள். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த மரியாதையைக் கடற்கரைக்குச் செய்யலாம் என்று வெயிலுமுத்து நினைத்தார். நந்தகோபாலும் ஒத்துக்கொண்டார்.

"போட்டுட்டு வா. பாத்தவொடனே அவனுவளுக்கு மூத்திரம் போயிரணும்."

தம்பிக்கு அது மரியாதை, அண்ணனுக்கு மிரட்டல். உடுப்பு ஒன்றுதான்.

மாசி மாத மதியம். மாயகிருஷ்ணன் வீட்டு முன்னால் களம் முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணனோடும் கிடாயோடும் வெயிலுமுத்து நடந்த பாதையில் வத்தல் நொறுங்கி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இருமினார்கள்.

"வாங்க. கலெக்டரு வாராரோன்னு நெனச்சேன்," என்றார் மாயகிருஷ்ணன். "கால்ல என்னது?"

"பூட்ஸ், அண்ணாச்சி. இந்த உடுப்போட கழட்டக் கூடாதுன்னு சட்டம்."

"எங்க சட்டத்துல கழட்டணும்."

"ஏலே, கழட்டாத," என்றார் நந்தகோபால். "அது கவர்மெண்டு காலு."

யாரோ சிரித்தார்கள். மாயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. வெயிலுமுத்து தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் மீறிய முதல் விதி அது. ஒரு பூட்ஸ் கழன்றது. மாயகிருஷ்ணனின் முகமும் கொஞ்சம் தளர்ந்தது. அவர் உள்ளே பார்த்துத் தலையை அசைக்க, கடற்கரை செம்போடு வந்தான்.

நந்தகோபால் அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். கிடாயைக் கட்டினார், துண்டை இடுப்பில் கட்டினார், இரண்டு கையையும் ஏந்தினார். செம்பு வந்த கையைப் பார்த்ததும், சின்ன வயதிலிருந்து எவர் வாயிலும் வருகிற சொல் அவர் வாயிலும் வந்துவிட்டது.

"ஏலே, எடக் கையாலயா குடுக்க?"



"வலக் கை ஒங்ககிட்டல்லா இருக்கு, அண்ணாச்சி," என்றான் கடற்கரை.

செம்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் கீழே வைத்தான். வேலியில் செருகியிருந்த அருவாளை உருவினான். நாலு மாதமாக அந்தக் கையால் கருவேலங்கிளை வெட்டிப் பழகியிருந்தான். முதல் வெட்டு தோளில் எலும்பு வரை இறங்கியது. இரண்டாவது வயிற்றைத் திறந்தது. நந்தகோபால் சரிகிற குடலைக் கையால் தாங்கிக்கொண்டு வத்தலில் உட்கார்ந்தார். ரத்தம் எங்கே முடிகிறது, மிளகாய் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

ஒற்றைப் பூட்சோடு வெயிலுமுத்து பாய்ந்தார். இருவரும் வத்தலில் உருண்டார்கள். கண்ணெல்லாம் காந்தியது. அவர் கடற்கரையின் மணிக்கட்டைக் கடித்தார், முகத்தில் முட்டினார், பல் உடையும் சத்தம் கேட்டது. அருவாள் எப்போது தன் கைக்கு வந்தது என்று அவருக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை. கடற்கரை மல்லாந்து கிடந்தான். கையில் ஒன்றுமில்லை.

"விட்ருங்கண்ணே," என்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான்.

வெயிலுமுத்து ஓங்கி இறக்கினார். எங்கே விழுந்தது, என்ன ஆனது என்று இந்த முறை பக்கத்திலிருந்தே பார்த்தார்.

ஊரில் இருந்தது சண்முகராஜின் மினி லாரி ஒன்றுதான். பின்னால் அண்ணனை மடியில் கிடத்தி, சட்டையைக் கழற்றி வயிற்றில் அமுக்கிப் பிடித்தார். பதக்கங்கள் உள்பக்கம் போய்க் குத்தின.

"அவன?" என்றார் நந்தகோபால்.

"கையில."

"எந்தக் கை?"

"இருந்தது ஒண்ணுதான, அண்ணே."

பல்லெல்லாம் ரத்தமாக நந்தகோபால் சிரித்தார். "இப்பத்தாம்ல நீ எங்கூடப் பொறந்தவன்."

நாலாவது கிலோமீட்டரில் மூச்சு நின்றது. சண்முகராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா சார்?"

ஊரில் வேறு வண்டி இல்லை என்பது வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. "திருப்பு. மாயகிருஷ்ணன் வீட்டுக்கு. அந்தப் பயல ஏத்தணும்."

"ஒங்கள வெட்டிருவாவ சார்."

"வெட்டுனா அந்தப் பயல அவியளே ஏத்திட்டுப் போகட்டும். திருப்பு."

வெட்டவில்லை. மாயகிருஷ்ணன் தம்பியின் தலைப்பக்கம் பிடித்தார், வெயிலுமுத்து கால்பக்கம். வெட்டியவரும் வெட்டுப்பட்டவனும் பிணமும் ஒரே வண்டியில் விளாத்திகுளம் போனார்கள். கடற்கரை பிழைத்தான். கோர்ட்டில், கையை எடுத்ததும் இந்த ஐயாதான், வண்டியில் ஏற்றியதும் இந்த ஐயாதான் என்று இரண்டையும் சொன்னான். முதலாவதற்கு ஏழு வருடம் கிடைத்தது, உத்தியோகமும் போயிற்று. இரண்டாவது, தீர்ப்பில் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டது.