படுத்துப் பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கு

லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவர் பெயர் உடும்பு. செங்குத்துச் சுவரிலும் நழுவாத பிடி என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. இருபத்திரண்டு வருடம், லிஃப்ட் ஓடும் கிணறு போன்ற ஷாஃப்ட்டுக்குள்ளேயே ஏறி இறங்கியவர், எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் மாடியைத்தான் எண்ணுவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் எண்ணி, மனைவியிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

நான்கு மாதங்களுக்கு முன், ஓர் அலுவலகக் கட்டடத்தின் எட்டாவது மாடி. முக்கோணச் சாவியால் வெளிக்கதவைத் திறந்தவர், உள்ளே லிஃப்ட் பெட்டி நிற்கிறது என்று நம்பிக் காலை வைத்தார். பெட்டி மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த இடது கைதான் ஆளைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து கிடங்கில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். கேட்பவர்களுக்குத் தோள்வலி என்று பதில். வலி தோளில் இல்லை என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். மறுபடி ஷாஃப்ட்டா, நிரந்தரமாகக் கிடங்கா என்று வரும் திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை இருவரையும் தேசியப் பூங்காவுக்குக் கிளப்பியது மனைவியின் தம்பி.

"பூங்கான்னு சொன்னே. உட்கார ஒரு பெஞ்ச் கூட இல்லையேடா," என்றாள் அவள், ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து இறங்கியபடி.

"ஊஞ்சல் இருக்கான்னு விசாரிக்கட்டுமாக்கா?"

வழிகாட்டியாக வந்த வனக்காவலர் ஒரு பெண். சிரிக்கவில்லை. மூன்று மணி நேரம் நடத்திய பிறகு, எதிரே வானத்தைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல யாரும் நடக்கக் கூடாது. படுங்க."

"என்னது?"

"தவழ்ந்துதான் போகணும். காத்து எப்போ எந்தப் பக்கம் தள்ளும்னு சொல்ல முடியாது. பதினாறு வருஷமா நானும் தவழ்றேன்." சொல்லிவிட்டு அவரே முதலில் குப்புறப் படுத்தார்.

உடும்பு நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்ன மாமா, நீங்களே இப்படி நின்னா எப்படி?" என்று கேலி பேசிக்கொண்டே தவழ்ந்துபோன மைத்துனன், விளிம்பில் தலையை நீட்டியதும் "ஐயோ அம்மா" என்றான். காலையிலிருந்து ஓயாத வாய் அத்தோடு அடங்கியது.

மனைவி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். "நான் போறேன். வரணும்னா வாங்க, இல்லேன்னா பையைப் பார்த்துக்கோங்க."

பையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? படுத்தார். முழங்கையை ஊன்றும் முன் ஒவ்வொரு தடவையும் பாறையைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் மோவாய் விளிம்பைத் தொட்டது.

கீழே பாறைச் சுவர் அடுக்கடுக்காக இறங்கியது. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தார். ஓர் அடுக்கு ஒரு மாடி. ஒன்பதாவது அடுக்கில் கண் நின்றது. அங்கே பாசி ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால், அது அசைந்தது. பாசியில்லை, மரங்கள். நெடுநெடுவென்று வளர்ந்த முழு மரங்கள். அப்படியென்றால் ஓர் அடுக்குக்குள்ளேயே எத்தனை மாடி? எண்ணுவதை விட்டுவிட்டார்.

கழுகு ஒன்று அவருக்கு வெகு கீழே வட்டமிட்டது. கழுகின் முதுகை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்கும் கீழே, சத்தமே இல்லாமல், நூலாக ஓர் ஆறு. ஒரு மேகத்தின் நிழல் பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே இருந்தது.

கை நடுங்கியது. மறைக்கலாம் என்று பக்கத்தில் திரும்பினால், காவலரின் விரல்கள் ஒரு பாறை வெடிப்பை இறுகப் பிடித்திருந்தன.

"மேடம், உங்களுக்குமா?"

"பின்னே? கண்ணு இருக்குல்ல."

உடும்பு மறுபக்கம் படுத்திருந்த மனைவியிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமை ஷாஃப்ட்டுக்கே போறேன்னு சொல்லிடறேன்," என்றார் மெதுவாக.

"பயம் போயிடுச்சா?"

"எங்கே போச்சு? இதோ, கையைத் தொட்டுப் பாரு. ஆனா இனிமே எந்தக் கதவைத் திறந்தாலும் தரையில படுத்து, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் காலை வைப்பேன்."

"கூட இருக்கிறவங்க சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். அவங்களையும் படுக்கச் சொல்றேன்."

காவலர் நேரமாகிவிட்டது என்றார். ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது தடவையும் சொன்னார்.

"அஞ்சே நிமிஷம் மேடம்," என்றார் உடும்பு, எதிர்ச்சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த நிழல் மேல போய்ச் சேரட்டும்."