பைரோ ஜீனி

"இதுல முட்டை போட்டிருக்குதாம்மா?"

பக்கத்து வீட்டு சம்பந்தம் அண்ணன் பிஸ்கட்டைக்கூட இப்படி விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வடலூருக்குப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து சுத்த சைவம். கேக் கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது. கல்யாண வீட்டில் சைவப் பந்தி என்று எழுதியே போட்டிருந்தாலும், கரண்டி தனியா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். விருத்தாசலத்தில் ரேஷன் கார்டில் பேர் சேர்த்துவிடலாம், இவரை ஒரு வேளை சாப்பிடவைப்பது கஷ்டம்.

அப்பேர்ப்பட்டவர், இந்த மாத ஆரம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் வந்து என்ன சாப்பிட்டார் தெரியுமா? இருங்கள், சொல்கிறேன். முதலில் எங்கள் வீட்டு டாக்டரை அறிமுகப்படுத்த வேண்டும்.

டாக்டர் என்றால் என் கணவர்தான். பாங்க்கில் கேஷியராக இருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர். கூட வாங்கியவர்கள் மனை பார்த்தார்கள், ஷேர் மார்க்கெட் பார்த்தார்கள். இவர் தலையணை கனத்துக்கு ஒரு ஹோமியோபதி புத்தகமும், குட்டிக் குட்டி பாட்டில்கள் அடுக்கிய ஒரு பெட்டியும் வாங்கிவந்தார். பரீட்சையா, பட்டமா... அதெல்லாம் கேட்கக் கூடாது. நான் தும்மினால் போதும். தும்மல் காலையிலா மாலையிலா, தும்மும்போது கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான நாளாக என் கோபத்தைப் பற்றி அவர் அக்கறையாக விசாரித்தது அப்போதுதான்!

சம்பந்தம் அண்ணனுக்கு செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட். பீஸ் கட்டை செய்கிறார். உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று இருக்குமே, அதுதான். சூளையில் வெந்து வெளியே வரும்போது உடைந்துபோனதையெல்லாம் ஒரு மூலையில் கொட்டிவைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் மனுஷர் செருப்பில்லாமல் போயிருக்கிறார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சில்லு ஏறிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைவு. தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "எவன்டா அது, காலை அறுத்துக்கிட்டு வேலை செய்யறது?" என்று ஒரே சத்தம்.

"மொதலாளி... ஒங்க காலுதாங்க" என்றார்களாம்.

நாலைந்து நாளில் சீழ் வைத்துவிட்டது. குளிர்ஜுரம் வேறு தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அவர் மனைவி மங்கை அண்ணி கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அண்ணன் அசையவே இல்லை.

"சேத்தியாத்தோப்புல எம் மச்சான் அஞ்சு வெரலோட உள்ள போனாரு, நாலு வெரலோட வந்தாரு. நான் போவமாட்டேன்!"

நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், கத்தி, ஊசின்னு போவாம நீங்களே எதுனா குடுங்க சார்."

எங்கள் வீட்டு டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாளும் என் தும்மலை வைத்தே காலம் தள்ளியவருக்கு, காய்ச்சலும் சீழுமாக ஒரு நிஜ நோயாளி. பரபரவென்று பக்கம் புரட்டினார். "செப்டிக் ஃபீவர்... உடம்பு வலி... நடுக்கம்... ஆங்! பைரோஜீனியம்!"

மங்கை அண்ணி பதறிவிட்டார். "என்னாது, பைரோ... ஜீனியா? சார், அவருக்கு சக்கரை இருக்குதுங்க. ஜீனி குடுக்கலாங்களா?"

"ஜீனி இல்லம்மா, ஜீனியம்! மருந்தோட பேரு!" என்று இவர் சிரித்தார். சிரித்து என்ன பயன்? அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்த மருந்துக்குப் பெயர் பைரோ ஜீனிதான்.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். அண்ணன் நொண்டிக்கொண்டே வருவார், நாக்கை நீட்டுவார், வாங்கிக்கொண்டு போவார். ஜுரம் இறங்கவில்லை. வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. விரல் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. அவர் வந்துவிட்டுப் போனால் ஹாலில் ஒரு வாடை நின்றது.

"ஏங்க, போதுங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றேன்.

"உனக்குத் தெரியாது. மருந்து வேலை செய்யும்போது ஏறித்தான் இறங்கும்."

எனக்கு வந்ததே கோபம்! ஏறுவது ஜுரமா, இவர் கர்வமா? இந்தக் கோபம் காலையிலா மாலையிலா என்று அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் மங்கை அண்ணி என் சமையல்கட்டுக்கு வந்து ஓவென்று அழுதுவிட்டார். "அவரு காலு போயிடும்போல இருக்குதும்மா. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. ஒங்க வூட்டுக்காரர் பேச்சதான் கேக்கறாரு. நீ எதுனா பண்ணும்மா..." ஒரு மனுஷனின் கால் எங்கள் வீட்டுப் பெட்டியை நம்பிக்கொண்டிருக்கிறது, விளையாட்டா?

அந்தத் தலையணைப் புத்தகத்தை எடுத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று ஒரு வரியாவது இருக்காதா, அதைக் காட்டி இவரை மடக்கலாமே என்றுதான் தேடினேன். அந்த வரி கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. பைரோஜீனியத்தை எதிலிருந்து தயாரிக்கிறார்கள் என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

சாயந்திரம் அண்ணன் வந்தார். நாக்கை நீட்டினார். உருண்டைகள் விழுந்தன. நான் புத்தகத்தோடு போய் நின்றேன்.

"அண்ணே, இந்த பைரோ ஜீனிய எதுல செய்யறாங்கன்னு தெரியுமா?"

அண்ணன் வாயை மூடியபடியே, எதாவது வேராக இருக்கும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

"மாட்டுக்கறி அண்ணே. அதுவும் வெயில்ல வெச்சு, அழுகவிட்டு..."

கறி சாப்பிடுகிறவர்கள்கூட அழுகவிட்டுச் சாப்பிடமாட்டார்கள். அண்ணன் கண் பிதுங்கிவிட்டது. விழுங்கவும் முடியாது, எங்கள் ஹாலில் துப்பவும் முடியாது. அதற்குள் உருண்டை கரைந்தே போய்விட்டது. புண்ணான காலோடு குழாயடிக்கு ஓடிக் கொப்பளித்தார், கொப்பளித்தார், அப்படிக் கொப்பளித்தார்.

இவர் பின்னாலேயே ஓடினார். "அண்ணே, அவ சொல்றத நம்பாதீங்க! இது முப்பதாவது பொட்டன்சி. கரைச்சு, கரைச்சதையே மறுபடி கரைச்சு... கறி துளிகூட இருக்காது. சத்தியமா!"

"துளிகூட இல்லியா சார்?"

"இல்லவே இல்லைங்கறேன்!"

அண்ணனுக்கு உயிர் வந்தது. எனக்குப் போயிற்று. போட்ட திட்டம் பாழாகிவிட்டதே என்று நான் நிற்கும்போது, வாசற்படியிலிருந்து மங்கை அண்ணி வெகுளியாகக் கேட்டார்.

"அப்ப அதுல என்னாதாங்க சார் இருக்குது?"

எங்கள் வீட்டு டாக்டர், "சக்தி இருக்குதும்மா" என்றார்.

"அந்த சக்திய எதுல ஏத்தி குடுத்தீங்க?"

"அது வந்து... சக்கரை உருண்டையில."

"பாத்தீங்களா! ஜீனியான்னு நான் மொதல்லியே கேட்டேன்ல!"

கறி இருக்கிறது என்றால் அண்ணன் சைவம் போச்சு. இல்லை என்றால் இவர் வைத்தியம் போச்சு. எந்தப் பக்கம் போவார் பாவம்? அண்ணன் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். கறி உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகம் அவரை விடவில்லை.

"ஆட்டோவ கூப்புடு மங்க" என்றார்.

உயிருக்கு ஆபத்து, கால் போய்விடும் என்று எத்தனை பேர் சொன்னார்கள், அசைந்தாரா? சைவம் போய்விடும் என்றதும் எழுந்துவிட்டார். நாம் எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான். பெரிய பயங்களை எப்படியோ சமாளித்துவிடுகிறோம், சின்ன பயம்தான் நம்மைக் கிளப்புகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டுப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது என்றார். உள்ளே தங்கியிருந்த சில்லை எடுத்து, சீழைச் சுத்தம் செய்து, ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். ஹோமியோபதி வாசகர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். முறையாகப் படித்த ஹோமியோ டாக்டர் யாராவது அந்தக் காலைப் பார்த்திருந்தால், முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பார்.

இவர் வார்டு வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அண்ணன்தான் தேற்றினார். "நீங்க என்னா சார் பண்ணுவீங்க? கத்திக்குப் பயந்துகிட்டு நான்தான் ஒங்ககிட்ட வந்து ஒளிஞ்சேன்."

ஐந்து விரலும் தப்பியது. அண்ணன் வீடு திரும்பினார். வேளாவேளைக்குப் போட கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

ஆனால் புத்தகம் படிக்கும் வியாதிக்குத்தான் மருந்தே கிடையாதே! நேற்று இவர் எங்கேயோ எதையோ படித்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "அடியே, அண்ணன் முழுங்கறாரே கேப்ஸ்யூல்... அந்த மேல்கூட்டை எதுல செய்யறாங்க தெரியுமா? ஜெலட்டின்! மாட்டு எலும்பு, மாட்டுத் தோலு!" சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். நான் வாசலை மறித்து நின்றேன். கோர்ஸ் முடிவதற்குள் வாயைத் திறந்தால் இந்த வீட்டில் இனி காபி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அடுத்த வீட்டு வாசலில் அண்ணன் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுவிட்டு, ஒரு கேப்ஸ்யூலைப் பயபக்தியோடு விழுங்கினார்.

நல்லவேளை, அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. ஆனால் நீங்கள் படிக்கிறீர்களே... விருத்தாசலம் பக்கம் வந்தால் தயவுசெய்து மூச்சு விட்டுவிடாதீர்கள்!