சத்தமில்லாத இடம்

சாராளுக்கு அந்த நாற்காலி கிடைத்ததே பெரிய காரியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வெட்டும் பட்டறையில் பல வருஷம் நின்றே காலம் தள்ளியவள். இப்போது இருக்கிற கம்பெனியில் இசைத்தட்டு அச்சடிக்கிறார்கள். பிரஸ் இரைகிற கூடத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு தட்டை எடுத்து, ஹெட்போன் மாட்டி முழுக்கக் கேட்க வேண்டும். பொரிகிற சத்தம் வந்தால் அந்த அடுக்கே திரும்ப அரைக்கப் போகும்.

மழைக்காலத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தது தெரியவில்லை. பருப்பு தீய்ந்த வாசனைதான் சொன்னது. சளி என்று மகன் ராபினிடம் சொல்லிவிட்டாள். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் பிரஸ் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அந்த இரைச்சலில் மிச்சக் காதும் போய்விடும். தட்டை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்ப்பாள். மோசமான இடம் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். காது விட்டதைக் கண் பிடித்தது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டு ஜாஸ் தட்டு. ஹார்ட் பாப் என்று உறையில் போட்டிருந்தது. ஒரு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், அடங்காத டிரம்ஸ்.

"இவன் நிறுத்தமாட்டான், அவன் உடமாட்டான். அப்டியே எங்க ஊட்டுச் சண்டைதான்க்கா" என்பாள் பக்கத்து மேசை மோனிகா.

இரண்டாம் பக்கத்தில் சாக்ஸபோன் சட்டென்று ஓய்கிற இடம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. சாராளுக்கு அந்த இடம் பிடிக்கும். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலை மோனிகா முகம் வாடி வந்தாள். "யக்கா, சண்டைத் தட்டு ரிட்டனாம். டிரம்ஸ்காரன் தாளத்தட்ட மட்டும் சிலுசிலுன்னு தட்டிக்கினு இருப்பான்ல, அங்க பொரியுதாம். ரெண்டாம் பக்கம், சாக்ஸபோன் நிக்கிற எடம்."

"அங்க ஒண்ணும் இருக்காதே" என்றாள் சாராள்.

மோனிகா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா சொல்ற?"

கையிலிருந்த பாட்டிலை சாராள் மூடினாள். அத்தனை நாளும் தண்ணீர் குடித்தது அந்தத் தாளம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான்.

மேற்பார்வையாளர் ப்ரஹ்லாத் இரண்டு தட்டுகளோடு வந்தார். திருவள்ளூரிலிருந்து வருகிறவர், கடிந்து பேசத் தெரியாத பிள்ளை. "பயப்படாதீங்கக்கா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, அதான் கேட்டே பார்த்துடலாம். பொரியற இடத்துல கையத் தூக்குங்க. எந்த அச்சுல தப்புன்னு கண்டுபிடிச்சுடலாம்."

அவள் ஹெட்போனை மாட்டினாள். அவர் பிளேயர் பக்கம் திரும்பி ஒரு தட்டை வைத்தார். முதுகுதான் தெரிந்தது. முகம் தெரிந்தால் புருவத்தைப் பார்த்தாவது சமாளித்திருப்பாள். மோனிகாவைப் பார்த்தாள். மோனிகா காதில் ஹெட்போன் இல்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

டிரம்பெட் வந்தது. சாக்ஸபோன் மறித்தது. கர்த்தரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சாக்ஸபோன் ஓய்ந்தது.

ஒன்றுமில்லை. வழக்கம்போல அமைதியாக இருந்தது. இங்கேதான் எங்கேயோ பொரிகிறது. இப்போதா? இனிமேலா? அமைதி முடிவதற்குள் தூக்கியாக வேண்டும். தூக்கிவிட்டாள்.

ப்ரஹ்லாத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக ஊசியை எடுத்துவிட்டு, அவள் மற்றக் கையால் ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தார்.

"அக்கா, இது நல்ல தட்டு. முதல்ல நல்லதைப் போடறேன், சும்மா கேளுங்கன்னு சொன்னேனே?"

எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லியிருப்பார். மோனிகா தன் மேசைத் தட்டுகளை எடுத்து, அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கேட்டார் ப்ரஹ்லாத். இன்னும் அன்பாகத்தான் கேட்டார்.

தூக்கிய கை அப்படியே இருந்தது.