கொழுந்துக் கறை

படித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் கையிலிருந்து நான் புத்தகத்தைப் பிடுங்கினேன். புத்தகம் அழுக்காகிவிடும் என்று காரணம் சொன்னேன். அது பொய்.

நான் வாத்தியார்! படிக்கச் சொல்லிக் கொடுப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... ஆனால் முழுவதும் கேளுங்கள்.

இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தகரக்கூரைப் பள்ளிக்கூடம். அதை ஒட்டி எனக்கு ஓர் அறை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு சரி. கூச்ச சுபாவம். கிளார்க்கு ஐயாமார் வீட்டுப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களோ என்னைக் கண்டால் எழுந்து நின்று பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கென்று இருந்தது சாயங்காலம் ஒன்றுதான். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் திரும்பும்வரை பிள்ளைகள் என் வாசற்படியில் காத்திருப்பார்கள். பெல்மதுளைக் கடையில் வாங்கிய கதைப் புத்தகம் ஒன்றை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். செருப்பு வாங்கப் போன யானையின் கதை. அந்த நேரத்தில் மட்டும் முகங்கள் என் பக்கம் திரும்பியிருக்கும்... அதற்காகவே பகல் முழுவதும் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

ராக்கம்மாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். காலையில் தாயோடு கொழுந்தெடுத்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் வருவாள். வகுப்பில் எல்லோரும் பாடத்தைக் கூடிக் கத்துவார்கள். எழுத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்களா என்பது எனக்கே தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் என் தோளோரமாய் நின்று கதை கேட்டவள், சிரிக்க வேண்டிய இடம் வருமுன்பே சிரித்துவிட்டாள். நான் பக்கத்தின் முதல் வரியில் இருந்தேன். அவள் கண் கடைசி வரியில் இருந்தது. தானாகவே வாசிக்கிறாள்!

ஒரு வாத்தியார் பூரித்துப்போக வேண்டிய நேரம். நானோ புத்தகத்தை அவள் கண்ணுக்கு எட்டாதபடி சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது என் படியில் யாருமில்லை. பலா மரத்தடியில் கூட்டம். நடுவில் ராக்கம்மா, அவள் மடியில் என் புத்தகம். யானைக்கு ஒரு குரல், கடைக்காரனுக்கு ஒரு குரல்.

"நாலு காலுக்கும் வேணுங்களா, இல்ல ரெண்டுக்குப் போதுங்களா?" என்று அவள் கடைக்காரனாய்க் கேட்க, பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

ஒரு வாண்டு என்னைப் பார்த்துவிட்டது. "வாத்தியாரய்யா, நீங்க போயி இருங்க. நீங்க படிச்சா தூக்கம் வருது. அக்கா படிச்சாத்தான் சிரிப்பு வருது!"

"வாய மூடுடி, எருமை!" என்று ராக்கம்மா அதன் தலையில் தட்டினாள். பிறகு என்னிடம், "இன்னும் ரெண்டு பக்கந்தாங்க இருக்கு. முடிச்சுட்டுத் தாரேங்க" என்றாள்.

இரண்டு பக்கம்! அதற்காவது பொறுத்தேனா?

"கையப் பாரு! கொழுந்துக் கறை! இந்தக் கையோட பொஸ்தகத்தத் தொடலாமா?" எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டே புத்தகத்தைப் பிடுங்கினேன்.

அவள் கைகளைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்தால் போகிற கறையா அது? என் தாயின் விரல்களில் சாகும்வரை இருந்த கறை. அதை நான் அறியாதவனா!

அவள் அழவில்லை. மறுநாளும் வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தாள்... அதற்கு முன்னால் அல்ல. என் படி மீண்டும் நிறைந்திருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது!

அடுத்த மழைக்காலத்தில் அவள் முழுநாள் கொழுந்துக்குப் போய்விட்டாள். கூடையோடு பள்ளிக்கூடத்தைக் கடந்துதான் போவாள். கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கலாம். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சமா அது?

பல வருஷம் கழித்து, சென்ற மாதம் ராக்கம்மா தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தாள்.

"எழுத்துக் கத்துக் குடுங்க, வாத்தியாரய்யா. பொஸ்தகத்தத் தொடமாட்டா. சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேங்க."

குரலில் குத்தல் இல்லை. குத்திப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்... அதைப் பள்ளிக்கூடத்துச் சட்டம் என்றே இத்தனை காலமும் நம்பியிருக்கிறாள்!

"நீ இப்ப ஏதும் படிக்கிறதுண்டா?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்!" என்று சிரித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாள். அவள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் யானைப் புத்தகத்தை எடுத்து அவள் மகளிடம் நீட்டினேன். "வச்சுக்கம்மா. வீட்டுக்குக் கொண்டு போயி நீயா பாரு."

குழந்தை எட்டி யானைப் படத்தைப் பார்த்தது. கண்கள் விரிந்தன. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால். கறையே படியாத சின்னக் கைகள்!

"நீங்க படிங்க" என்றது.

நான் அந்தக் காலத்தில் ஆசைப்பட்டது இதுதானே?

வாசித்தேன். தினமும் வாசிக்கிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை அதன் பக்கம் நகர்த்துகிறேன்... அது ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்கிறது.