அவளுக்குக் கேட்காத குளிசை

முட்டாள்தனத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் திருகோணமலையில் இருந்திருந்தால், எங்கள் வீட்டு அலுமாரியில் துணி வைக்க இடம் இருந்திருக்காது. முதற்பரிசுக்குரியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சண்டைக் காலம். ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தோம். ஒருநாள் பின்னேரம் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்ததில் என் மனைவிக்குக் கால் முறிந்தது. எனக்கு ஒன்றுமில்லை. முதலில் பாய்ந்தவன் நான்தானே.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, நோவுக்குக் கொடீன் குளிசை கொடுத்தார்கள். முந்திய வருடம் இறங்குதுறையில் கப்பல் கயிற்றுக்குள் என் விரல்கள் நசிந்தபோது நான் விழுங்கியதும் அதே குளிசைதான். விழுங்கினால் போதும், கப்பல் சங்கு ஊதினாலும் எழும்பமாட்டேன். ஆகவே அந்தக் குளிசை விடயத்தில் என்னை நானே வைத்தியராக நியமித்துக்கொண்டிருந்தேன்.

"குளிசை கேக்கேல்லையப்பா, உயிர் போகுது" என்று அவள் முனகிக்கொண்டே கிடந்தாள்.

தாதி என்னிடம் வந்தார். "வீட்டிலயும் இவ இப்படித்தானோ? மருந்தை மாத்தச் சொல்லி டொக்டரிட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாம் மிஸ். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நடிப்புத்தான். எனக்கு வேலை செய்த குளிசை இவவுக்கு மட்டும் செய்யாதோ?"

தாதி சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கிண்ணியாப் பெண்ணும் சிரித்தார். டொக்டரிடம் ஒருவரும் சொல்லவில்லை. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு முனகவேயில்லை.

"பாத்தியளே, சுகம் வந்திட்டுது" என்று வார்ட் முழுவதையும் பெருமையோடு பார்த்தேன்.

வருடங்கள் போயின. சண்டை மட்டும் போகவில்லை. வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த மகள் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அதே குளிசை, அதே முனகல். நான் வாயைத் திறக்க முன்னர் டொக்டர் கேட்டார்: "குடும்பத்தில வேற ஆருக்கும் இது கேக்காமல் இருந்ததோ?"

"தாய்க்கு" என்றேன்.

அவர் விளக்கினார். அந்தக் குளிசை உடம்புக்குள் போய் வேறொரு மருந்தாக மாறினால்தான் நோவு குறையுமாம். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த மாற்றம் நடப்பதில்லையாம். பரம்பரையாக வருவதாம். "உங்கட பக்கத்தாலயும் கொஞ்சம் வந்திருக்கும்" என்றும் சொன்னார். பிறகு மருந்தை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் மகள் நித்திரையாகிவிட்டாள்.

அவ்வளவு சுலபமான காரியம். தாதியிடம் நான் ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் போதும். நான் பகிடி விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது, மனைவி மகளுக்குச் சோறு கொண்டுபோவதற்காகக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் குந்தியிருந்து டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பகிடிக்குப் பழகிய வாய், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தடுமாறியது. இன்றைக்கும் யாராவது நோகிறது என்றால் எனக்கு முதலில் தெரிவது அந்தப் போர்வை நுனிதான்.

"அண்டைக்கு உமக்கு உண்மையாவே நொந்திருக்கு, என்ன?" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"இப்ப நோகேல்லை."